மரக்காளானைத் திருப்பிப் பாருங்கள்

மாரி ஓய்ந்து தை பிறக்கிற நாட்களில் மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரே கேள்வி பல வாய்களிலிருந்து வரும். வளவு மாமரத்தின் அடியில் ஒரு தட்டுப் புறப்பட்டிருக்கிறது. வீதியோர வாகையின் பட்டையில் அடுக்கடுக்காக என்னவோ முளைத்திருக்கிறது. இது என்ன காளான், மரத்துக்குப் பழுதா, தின்னலாமா, மருந்துக்கு ஆகுமா? கேட்கிறவர்கள் கைத்தொலைபேசியில் படமும் வைத்திருப்பார்கள். அந்தப் படம் அநேகமாக மேலிருந்து எடுத்ததாகவே இருக்கும். காளானின் முதுகு தெரியும், அடிப்பக்கம் தெரியாது. அது ஒட்டிக்கொண்டிருக்கும் மரம் மாவா, புளியா, பூவரசா என்பதும் தெரியாது.

முதுகை மட்டும் பார்த்து மரக்காளானுக்குப் பெயர் சொன்னால் அது பெரும்பாலும் பிழையாகிவிடும். வெயிலும் மழையும் பாசியும் தூசியும் பட்டு, பல இனங்கள் நாளடைவில் ஒரே சாம்பல் கலந்த மண்ணிறத்துக்கு வந்துவிடுகின்றன. ஒரே காளான் இளசாக இருக்கையில் செந்நிறமாய் மினுங்கும். முற்றியபின் கறுத்து வெடித்துக் கிடக்கும். பெயர் இருப்பது வேறு மூன்று இடங்களில்: அதன் அடிப்பக்கத்தில், அதன் சதைக்குள்ளே, அது தின்றுகொண்டிருக்கும் மரத்தில். இந்த மூன்றையும் பார்க்கப் பழகியவர் பெயரை மட்டும் அறிவதில்லை. அந்த மரத்துக்குள் பல ஆண்டுகளாக நடந்துவந்த காரியத்தையும் அறிந்துகொள்கிறார்.

வாவிக்கரை இதற்கு வாய்ப்பான இடம். பங்குடாவெளியிலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் இந்த நீர்ப்பரப்பின் இரு கரைகளிலும் மரங்கள் வேறு வேறு. எழுவான்கரையின் மணலில் ஊர்மனை மரங்கள்: மா, வேம்பு, புளி, பூவரசு, பலா, கஜு, தென்னை. படுவான்கரையில் வயலைத் தாண்டி மேற்கே போனால் வரண்ட வலயக் காடு: பாலை, வீரை, முதிரை, கருங்காலி, நாவல். இரண்டுக்கும் நடுவே, உப்புநீரும் நன்னீரும் கலக்கும் விளிம்பில் கண்டல், கண்ணா, தில்லை, கிண்ணை. ஒரு தோணிப் பயணத்துக்குள் மூன்று வகை மரக்கூட்டங்களைப் பார்த்துவிடலாம். புளியந்தீவு, நாவற்குடா, கிண்ணையடி, கொக்கட்டிச்சோலை என்று ஊருக்கே மரத்தின் பெயரை வைத்தவர்கள் வாழும் இடம் இது. இலை உதிர்ந்த கட்டையைப் பார்த்தே மரத்தின் பெயரைச் சொல்லும் மூத்தவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். மரக்காளானை அடையாளம் காணும் வேலையில் பாதி அதுதான்.

மரத்தில் தட்டாக நீட்டிக்கொண்டிருப்பது அந்த உயிரின் காய் மட்டுமே. அதன் உடல் மரத்துக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பங்கசு இழைகளாகப் பரந்து கிடக்கிறது. முறிந்த கொப்பு, கத்தி பட்ட காயம், குப்பை எரித்த சூட்டில் வெந்த அடிப்பட்டை, வாய்க்கால் தோண்டும்போது அறுபட்ட வேர் என்று ஏதோ ஒரு வாசலால் எப்போதோ ஒரு வித்தி உள்ளே போயிருக்கும். முளைத்த இழை மரத்தின் கலங்களின் சுவரைத் துளைத்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போய், தின்று தின்று முன்னேறும். வெளியே தட்டு வைப்பதற்கு வேண்டிய உணவை உள்ளே சேர்த்துக்கொண்ட பிறகுதான் அது காய்க்கிறது. ஆகவே காளான் கண்ணில் படும் நாளில் மரத்துக்குள் அதன் குடித்தனம் பழையதாகிவிட்டிருக்கும். தட்டை வெட்டி எறிந்தால் நோய் போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. மாங்காயைப் பறித்தால் மாமரம் போய்விடாது, இதுவும் அப்படியே.

உள்ளே என்ன தின்கிறது என்பதை, உதிர்ந்த மரத்துண்டொன்றைக் கையில் எடுத்தாலே அறியலாம். மரம் என்பது முக்கியமாக இரண்டு பொருள்களின் கட்டு. செலுலோசு நீண்ட இழைகளாக நின்று இழுவைத் தாங்குகிறது. இலிக்னின் அந்த இழைகளுக்கிடையே இறுகி நின்று அழுத்தத்தைத் தாங்குகிறது. செலுலோசை உடைக்கக்கூடிய உயிர்கள் பல. இலிக்னினை முழுதாக உடைக்கக்கூடியவை மிகச் சில, அவற்றில் முதலிடம் மரக்காளான்களுக்கு. காரணம், இலிக்னினுக்கு ஒழுங்கான கட்டமைப்பு இல்லை. ஒரே மாதிரியான கண்ணிகள் தொடர்ந்து வந்தால் ஒரு நொதியம் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம்; இலிக்னினில் கண்ணிகள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கின்றன. மரக்காளான்கள் இதற்கு வேறு வழி கண்டன. கண்ணியைத் தேடிக் கழற்றாமல், எதிர்ப்படும் எதையும் ஒட்சியேற்றிச் சிதைக்கும் நொதியங்களை வெளியே விடுகின்றன. அவற்றில் ஒன்றான இலிக்னின் பேரொட்சிடேசு 1983இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. காடு முழுக்க நாளும் நடக்கும் ஒரு வேலை எப்படி நடக்கிறதென்று மனிதருக்கு விளங்கத் தொடங்கி அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை.

இலிக்னினையும் தின்றுவிடும் காளான் விட்டுச்செல்லும் மரம் வெளிறி, பாரம் குறைந்து, விரலால் பிய்த்தால் நார் நாராக வரும். இதை வெண்ணழுகல் என்பர். செலுலோசை மட்டும் தின்று இலிக்னினை அநேகமாக விட்டுவிடும் காளான்களும் உண்டு. அவை விட்டுப்போகும் மரம் செம்மண்ணிறமாகி, குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, சிறு சிறு கட்டிகளாக உதிரும்; அது பழுப்பழுகல். ஊசியிலை மரங்களில் பழுப்பழுகல் மிகுதி. நம் ஊரின் அகன்ற இலை மரங்களில் தட்டு வைப்பவற்றுள் பெரும்பாலானவை வெண்ணழுகல்காரர்கள். ஆகவே காளானுக்குப் பக்கத்தில் கிடக்கும் உழுத்த மரத்தையும் ஒரு துண்டு பிய்த்துப் பாருங்கள். அதுவும் சாட்சிதான்.

இலிக்னினைத் தின்னும் திறமையின் வயதை மரபணுக்களைக் கொண்டு கணக்கிட்ட ஓர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. வெண்ணழுகல் காளான்களின் மூதாதை ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருக்க வேண்டும் என்றது அது. உலகின் பெரும் நிலக்கரிப் படிவுகள் உருவான காலம் முடிவுக்கு வந்ததும் அதை ஒட்டித்தான். மரத்தை உழுக்கச் செய்ய யாரும் இல்லாததால் அது நிலக்கரியாய்க் குவிந்தது, காளான் வந்தது, குவிவது நின்றது என்று ஒரு கதை அதிலிருந்து பிறந்தது. கேட்க அழகான கதை. ஆனால் 2016இல் வந்த இன்னோர் ஆய்வு அதை மறுத்தது: நிலக்கரி குவிந்ததற்கு அக்காலத்துச் சதுப்பு நிலங்களும் தாழ்ந்துகொண்டே போன புவியோட்டுப் பள்ளங்களும் போதிய காரணம் என்றது. எனக்கு இரண்டாவதே நம்பத்தக்கதாகப் படுகிறது. நீரில் அமிழ்ந்து மூச்சில்லாமல் கிடக்கும் மரத்தைக் காளானால் இன்றைக்கும் தொட முடியவில்லை என்பதை வாவிக்கரையிலேயே பார்க்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது ஒரு காளானைக் கிட்டத்தில் பார்ப்போம். மட்டக்களப்பில் ஊர்மனை மரங்களின் அடியில் காணப்படும் பெரிய தட்டுகளில் கனோடெர்மா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை முக்கியமானவை. மாமரத்தின் அடிவேர் புடைத்து நிற்கும் இடத்தில், மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒன்று ஒட்டியிருக்கிறது. காம்பு இல்லை, அகன்ற அரைவட்டமாக மரத்திலிருந்தே நேராகப் புறப்பட்டிருக்கிறது. மேலே கடினமான ஓடு. அதில் கரைக்கு இணையாக வரம்பு வரம்பாகப் புடைப்புகள், ஒவ்வொன்றும் வளர்ச்சி நின்று மீண்டும் தொடங்கிய இடம். விளிம்பு மட்டும் வெள்ளையாக, தடிப்பாக, தொட்டால் மெத்தென்று இருக்கிறது. அப்படியென்றால் இப்போதும் வளர்கிறது. வளர்கிற வழியில் நின்ற புல்லைத் தள்ளிவிடாமல் அப்படியே உள்ளுக்கு வாங்கிக்கொண்டிருக்கிறது. ஓட்டின் மேலே புல்லின் நுனி, கீழே அதன் தாள், நடுவே காளான்.

முதுகிலும் சுற்றியுள்ள சருகிலும் கோப்பித்தூள் தூவியது மாதிரி மண்ணிறப் பொடி படிந்திருக்கிறது. விரலால் தொட்டால் ஒட்டும். அவ்வளவும் வித்திகள். கீழே உதிர்ந்தவை சிறு காற்றுச் சுழலில் மேலேறித் தட்டின் முதுகிலேயே படிந்துவிடுகின்றன. பொடி மண்ணிறம் என்பது பெரிய தடயம். மரக்காளான்களில் பலவற்றின் வித்திகள் வெண்ணிறமானவை. எனவே மண்ணிறப் பொடியைக் கண்டவுடனேயே தேடவேண்டிய கூட்டம் மிகவும் சுருங்கிவிடுகிறது. பொடி படியாத காளானானால் ஒரு துண்டை வெட்டி, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் வைத்து இரவு முழுக்க மூடிவைக்கலாம். உயிரோடு வித்தி விடும் காலமானால் காலையில் தாளில் நிறம் பதிந்திருக்கும்.

அடிப்பக்கம் வெள்ளையாகவும் மட்டமாகவும் தெரிகிறது. கைவில்லையை வைத்துப் பார்த்தால் அது மட்டமல்ல. நுண்ணிய வட்டத் துளைகளின் பரப்பு. ஒரு மில்லிமீற்றர் நீளத்துக்குள் நான்கு முதல் ஆறு துளைகள். நகத்தால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு உடனே கருமண்ணிறமாகிவிடும், திரும்ப வெளுக்காது. உலகின் பல பாகங்களில் ஓவியர்கள் இந்தப் பரப்பில் கூர்நுனியால் படம் கீறி, காளானை உலர்த்தி வைத்துக்கொள்கிறார்கள். கீறியவுடன் கறுக்கும் வெண்பரப்பு, ஓடு மூடிய முதுகு, மண்ணிற வித்தி, இந்த மூன்றும் சேர்ந்தால் கனோடெர்மா என்று துணிந்து சொல்லலாம்.

இனி வாளால் நடுவே அறுத்துப் பாருங்கள். கத்தி போதாது, அவ்வளவு வைரம். உள்ளே இருண்ட மண்ணிறச் சதை, அதற்குக் கீழே செங்குத்தான குழாய்களின் அடுக்கு. அடிப்பக்கத்தில் நாம் கண்ட துளைகள் இந்தக் குழாய்களின் வாய்கள். பழைய தட்டானால் குழாய் அடுக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல இருக்கும். அடுக்குகளை எண்ணி வயது சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். குளிர்நாடுகளில் ஓரளவு பொருந்தும். ஒரே ஆண்டில் மாரியும் கச்சான் காற்றும் இடைமழையுமாக மாறி மாறி வரும் நம் ஊரில் ஓர் அடுக்கு ஓர் ஆண்டு என்று எடுத்துக்கொள்வது சரியல்ல.

குழாய்கள் செங்குத்தாக நிற்பதில்தான் இந்த உயிரின் முழுச் சாமர்த்தியமும் இருக்கிறது. குழாயின் உட்சுவரில் உண்டாகும் வித்தி முதலில் சுவரிலிருந்து சிறிது தூரம் எறியப்படுகிறது. குழாயின் நடுவெளிக்கு வந்ததும் தன் பாரத்தால் நேரே கீழே விழுகிறது. குழாயின் அகலம் ஏறத்தாழ 0.15 மில்லிமீற்றர் என்றும் நீளம் 10 மில்லிமீற்றர் என்றும் வைத்துக்கொள்வோம். குழாய் ஒரு பாகை சரிந்தால் போதும், மேலிருந்து விழும் வித்தி அடி வரை வருவதற்குள் 0.17 மில்லிமீற்றர் ஒதுங்கி எதிர்ச்சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். ஒரு பாகைச் சரிவே ஒரு குழாயின் மேற்பகுதி விளைச்சல் முழுவதையும் வீணாக்கும். காளான் மரமாய் இறுகி, காற்றுக்கு ஆடாமல் நிற்பதன் காரணம் இங்கே விளங்குகிறது. மேசன் தூக்குக்குண்டு பிடித்துக் கட்டும் நேர்த்தி அதற்கு உயிர்ப் பிரச்சினை.

ஆகவே மரம் சாய்ந்தால் காளான் என்ன செய்யும்? பழைய குழாய்களைத் திருப்ப அதனால் முடியாது, அவை இறுகிவிட்டன. புதிதாக வளரும் பகுதியை மட்டும் புதிய செங்குத்துக்கு ஏற்பத் திருப்பி வளர்க்கும். விழுந்த மரமொன்றில் பழைய தட்டு பக்கவாட்டில் கிடக்க, அதன் விளிம்பிலிருந்து புதிய தட்டு வேறு திசையில் நிலத்துக்கு இணையாகப் புறப்பட்டிருப்பதைக் காணலாம். மரம் விழுவதற்கு முன்பே காளான் அதில் காய்த்திருந்தது என்பதற்கு அது அசைக்கமுடியாத சான்று. எல்லாத் தட்டுகளும் விழுந்த நிலைக்கே பொருந்தி இருந்தால் அவை பிறகு வந்தவை. காளான் மரத்தை விழுத்தியதா, விழுந்த மரத்தில் காளான் குடியேறியதா என்ற வழக்கை இப்படித் தீர்க்கலாம்.

இத்தனை நேர்த்தியோடு வெளியேறும் வித்திகள் எத்தனை? கனடாவின் விண்ணிபெக்கில் பணியாற்றிய ஆர்தர் ரெஜினால்ட் புல்லர் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கனோடெர்மா அப்பிளனேட்டம் என்ற இனத்தின் பெரிய தட்டொன்றைக் கொண்டு கணக்கிட்டார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,000 கோடி; அதுவும் ஆண்டில் ஐந்தாறு மாதங்கள் இரவு பகலாக. ஒவ்வொரு வித்தியும் மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவானது. அத்தனை கோடியில் ஏற்ற காயத்தில் விழுந்து முளைத்து மரத்தைப் பிடிப்பது ஒன்றோ இரண்டோதான்.

பேரினத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு. பளபளக்கும் செந்நிற ஓடுள்ள கனோடெர்மா எதைக் கண்டாலும் லூசிடம் என்று எழுதிவிடுவது தெற்காசியாவில் நெடுங்காலப் பழக்கம். 1781இல் வில்லியம் கேட்டிஸ் இங்கிலாந்தில், இலண்டனை அடுத்த பெக்கமில் கிடைத்த ஒரு காளானுக்கு இட்ட பெயர் அது. மரபணுவைப் படித்துப் பார்த்தபோது, அந்த இனம் முக்கியமாக ஐரோப்பாவுக்குரியது என்பதும், ஆசியாவில் அதே பெயரால் அழைக்கப்பட்டவற்றுள் பல தனித்தனி இனங்கள் என்பதும் தெரியவந்தன. சீனர் மருந்தாகப் போற்றும் லிங்சிக்கே 2012இல் வேறு பெயர் சூட்டினார்கள். ஓடு மினுங்காத தட்டுகளிலும் இதே சிக்கல். அப்பிளனேட்டமும் வெப்பநாடுகளில் பரவலான ஒஸ்திரேலும் கண்ணுக்கு ஒன்றே. வித்தியின் அளவை நுணுக்குக்காட்டியில் அளந்துதான் பிரிக்க வேண்டும். ஆகவே வளவில் கண்ட சிவப்புத் தட்டை லூசிடம் என்று நம்பி அவித்துக் குடிக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். "கனோடெர்மா, இனம் உறுதியில்லை" என்று எழுதிவைப்பது குறைவான விடை அல்ல, நேர்மையான விடை.

இலங்கையின் காளான்கள் அறிவியல் உலகுக்குத் தெரியவந்த வழியும் இந்தச் சிக்கலுக்கு ஒரு காரணம். பேராதனைத் தாவரவியல் பூங்காவை 1849 முதல் 1880 வரை நடத்திய ஜோர்ஜ் துவைட்ஸ் காளான்களை உலர்த்தி இங்கிலாந்துக்கு அனுப்பினார். மைல்ஸ் பேர்க்லி, கிறிஸ்தோபர் புரூம் என்ற இருவர் 1870களில் அவற்றை விவரித்துப் பட்டியல் வெளியிட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது உலர்ந்த துண்டும் சிறு குறிப்பும்தான். பிறகு 1905இல் பேராதனைக்கு வந்த தோமஸ் பெற்ச், அந்தப் பழைய பெயர்களை உயிருள்ள காளான்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் பல ஆண்டுகள் உழைத்தார். உலர்ந்தபின் நிறமும் வடிவும் மாறிப்போன ஒன்றை, உயிரோடு பாராதவர் விவரித்தால் ஒரே காளானுக்கு மூன்று பெயர் விழும் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார். அவர் 1948இல் மறைந்தார்; கை பிஸ்பியோடு சேர்ந்து அவர் தொகுத்த இலங்கைப் பங்கசுக்களின் நூல் 1950இல் வெளிவந்தது. இந்த முயற்சிகள் பேராதனையை மையமாகக் கொண்டவை. ஈரமலைக் காடுகளும், பின்னர் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களும் பெற்ற கவனத்தைக் கிழக்கின் வரண்ட காடும் வாவிக்கரைக் கண்டலும் பெறவில்லை. இந்தக் குறையை நிரப்ப வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஊர் தோறும் மரமறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

கனோடெர்மா மட்டுமே மரக்காளான் அல்ல. வெட்டி வெயிலில் போட்ட கட்டைகளிலும் வேலிக் கம்புகளிலும் குங்குமச் சிவப்பில் மெல்லிய தட்டுகள் வரும். மேலும் கீழும் உள்ளும் ஒரே சிவப்பு. அது பிக்னோபோரஸ், வெப்பநாடுகள் எங்கும் உண்டு, இதை அடையாளம் காண வில்லைகூடத் தேவையில்லை. அவுஸ்திரேலியப் பழங்குடியினர் வாய்ப்புண்ணுக்கு இதன் உறவினத்தைப் பயன்படுத்தினார்கள். துளைகள் வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவு பெரிதாக, அறுகோணமாக அமைந்திருந்தால் அது ஹெக்சகோனியா. துளையே இல்லாமல் விளிம்பு பிளந்த செவுள்கள் விசிறியாய் விரிந்திருந்தால் அது ஸ்கிசோபில்லம். தட்டுக் காளான்களோடு சேர்ந்து வளர்ந்தாலும் வேறு குடும்பம். குளம்பு வடிவில் தடித்து, சதை துருமஞ்சளாகவோ துருமண்ணிறமாகவோ இருந்தால் பெல்லினஸ் கூட்டத்தை நினைக்க வேண்டும். அதற்கு ஆய்வுகூடத்தில் ஒரு சுலபமான சோதனை உண்டு. சதையில் ஒரு துளி பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலை விட்டால் கண்ணெதிரே கறுத்துவிடும். பாடசாலை இரசாயனவியல் கூடத்தில், ஆசிரியர் பக்கத்தில் நிற்க, மாணவர்கள் செய்து பார்க்கலாம்.

கண்டல் காட்டுக்குள் கதை கொஞ்சம் வேறு. ஊர்மனையில் ஒரே கனோடெர்மா மாவிலும் வரும், வேறு மரத்திலும் வரும். கண்டல் காட்டிலோ காளான்கள் மரம் பார்த்துக் குடியேறுவதுண்டு. பனாமாவின் கரீபியக் கரையிலுள்ள கண்டல் காட்டில் கிரெகரி கில்பேட்டும் வெயின் சூசாவும் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், அங்கு மிகுதியாக இருந்த மூன்று தட்டுக் காளான்களும் ஆளுக்கொரு மரமாகப் பிரித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பல நூறு மர இனங்கள் கலந்து நிற்கும் மழைக்காட்டில் ஒரே இனத்தை நம்பினால் அடுத்த மரத்தைக் கண்டுபிடிப்பதே பாடு. கண்டல் காட்டில் மர இனங்கள் சில. ஒவ்வொன்றும் கூட்டமாக நிற்கிறது. அங்கே ஒன்றையே நம்பிப் பிழைக்கலாம். தாய்லாந்தின் கண்டல் காடுகளில் சைலோகார்ப்பஸ் மரத்தை உழுக்கச் செய்யும் பல்விபோமஸ் என்ற பேரினத்தின் இனங்கள் 2014இல் விவரிக்கப்பட்டன. நம் வாவியின் கண்ணாவிலும் தில்லையிலும் இப்படி ஆளுக்கொரு காளான் உண்டா என்பது, மரத்தின் பெயரோடு சேர்த்துக் குறித்துவந்தால் சில மாரிகளிலேயே விடை கிடைக்கக்கூடிய கேள்வி. தில்லையில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பட்டையைக் கீறினால் வரும் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். காளானைக் கழற்றும்போது மரத்தைக் காயப்படுத்தாதீர்கள். கையைக் கழுவாமல் முகத்தைத் தொடாதீர்கள்.

நீர்மட்டத்துக்கு மேலே, கீழே என்ற பிரிவும் இங்கேதான் துலக்கமாகத் தெரிகிறது. மரத்தை உழுக்கச் செய்யும் காளானுக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். நன்றாக உலர்ந்த மரத்தில் ஈரம் போதாது. நீரில் மூழ்கிய மரத்தில் காற்றுப் போதாது. எனவே தண்ணீருக்குள் கிடக்கும் கண்டல் கட்டையைத் தின்பவை கப்பற்புழுக்களும் வேறு வகை நுண் பங்கசுக்களும். தட்டுக் காளான் வருவது நீர்மட்டத்துக்கு மேலே மட்டும். வளவில் நட்ட வேலிக்கட்டை எப்போதும் மண்மட்டத்தில் உழுத்து முறிவதற்கும் இதுவே காரணம். மேலே வெயில் உலர்த்துகிறது, ஆழத்தில் காற்றில்லை, இரண்டும் அளவாய்ச் சேரும் இடம் மண்மட்டம். தச்சர்கள் வெளிறை நீக்கிவிட்டு முதிரையின் வைரத்தையும் கருங்காலியின் வைரத்தையும் தேடுவது ஏனென்றால், மரம் தன் வைரத்தில் பங்கசுக்கு ஆகாத பொருள்களைச் சேமித்து வைக்கிறது. அவையும் காளானை என்றென்றைக்கும் தடுப்பதில்லை, நெடுங்காலம் தாமதப்படுத்துகின்றன.

மரம் விழுமா என்பதுதான் கேட்பவர்கள் மனதிலுள்ள உண்மையான கேள்வி. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி மட்டக்களப்பை அடித்ததைக் கண்டவர்கள் ஊர் தோறும் இருக்கிறார்கள். இங்கே அந்தக் கேள்வி வீண்பயத்தால் வருவதல்ல. விடை காளான் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. உயரத்தில் ஒரு பட்ட கொப்பில் சிறு தட்டுகள் இருந்தால் அந்தக் கொப்பைப் பற்றி மட்டும் யோசித்தால் போதும். அடியில், வேர் புடைத்த இடத்தைச் சுற்றிக் கனோடெர்மா வந்திருந்தால் நிலைமை வேறு. மரம் உச்சிவரை பச்சையாக இருக்கும், பூக்கும், காய்க்கும். நீரை மேலேற்றும் வெளிப்புறக் காழ் உயிரோடு இருப்பதால் அதற்கு வாட்டமே தெரியாது. ஆனால் தாங்கி நிற்கும் வேர்களும் நடுமரமும் உழுத்திருக்கலாம். அப்படியானதை ஒரு பெருங்காற்று வேரோடு சாய்த்துவிடும்.

காற்றும் கனோடெர்மாவும் கூட்டுச் சேர்ந்ததற்குத் தமிழகத்தில் ஒரு வரலாறு உண்டு. 1952இல் புயல் அடித்துப் போனபின் தஞ்சாவூர் மாவட்டத்துத் தென்னந்தோப்புகளில் ஒரு வாடல் நோய் கடுமையாகத் தலைகாட்டியது. தண்டின் அடியில் செம்மண்ணிறச் சாறு கசியும், மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்கும், கடைசியில் அடியில் கனோடெர்மா தட்டு வைக்கும். தஞ்சாவூர் வாடல் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. பட்ட மரத்தின் அடிக்கட்டையை மண்ணுக்குள் விட்டுவைத்தால், அதிலிருந்து பக்கத்து மரத்தின் வேருக்கு நோய் நகரும்.

ஆனாலும் காளான் கண்ட மரத்தையெல்லாம் வெட்டச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் சைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து 1977இல் ஒரு விளக்கம் தந்தார். மரம் காயத்தை ஆற்றுவதில்லை. காயப்பட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிய மரத்தை வளர்த்துக்கொள்கிறது. கலன்களை அடைக்கிறது, நச்சுப் பொருள்களை நிரப்புகிறது, எல்லாவற்றிலும் பலமான சுவரைக் காயத்துக்குப் பின் பிறக்கும் புதுக் காழுக்கும் பழையதற்கும் இடையே கட்டுகிறது. நடுமரம் முழுக்கப் பொந்தான புளி தலைமுறை தலைமுறையாக நிற்பது இதனால்தான். அந்தப் பொந்துகள் இல்லாவிட்டால் படுவான்கரைக் காட்டில் இருவாட்சிக்கு முட்டையிட இடமில்லை. வெட்டுவாயில் தார் பூசுவது உழுத்தலைத் தடுக்காது என்பதையும் சைகோ காட்டினார். கொப்பு மரத்தோடு சேரும் இடத்தில் ஒரு புடைத்த வளையம் இருக்கும்; அதைச் சீவாமல் அதற்கு வெளியே வெட்டினால், சுவர் கட்டும் வேலையை மரமே பார்த்துக்கொள்ளும். அடிமரத்தில் குப்பை எரிக்காமல் இருப்பதும், ஆணி அறையாமல் இருப்பதும், வீதி அகலிக்கும்போது ஒரு பக்க வேரை முழுதாக அறுக்காமல் இருப்பதும் எந்த மருந்தையும்விடப் பலன் தரும். மரம் சாய்ந்தால் வீட்டின்மேலோ மின்கம்பியின்மேலோ பாடசாலை முற்றத்திலோ விழும் என்றால் மட்டும் தாமதிக்காமல் விடயம் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டி, கோதான இடத்தை ஓசையில் கண்டுபிடிப்பவர்கள் நம்மிடையே உண்டு.

அடையாளம் காண யாரிடமாவது கொடுக்க எண்ணினால் இப்படிச் செய்யுங்கள். மரத்தில் இருக்கும்போதே மூன்று படம்: தூரத்திலிருந்து முழு மரமும் தெரிய ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கீழே இருந்து துளைப்பக்கம் ஒன்று. அளவுக்கு ஓர் அடிமட்டம் பக்கத்தில் இருக்கட்டும். நிலத்திலிருந்து எவ்வளவு உயரம், மரம் உயிரோடு நிற்கிறதா, பட்டுவிட்டதா, விழுந்து கிடக்கிறதா என்பதை எழுதுங்கள். விளிம்பிலிருந்து சதையும் குழாயும் சேர்ந்து வர ஒரு துண்டு வெட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துப் பூசணம் பிடித்துவிடும். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி வெயிலில் உலர்த்துங்கள். திகதியும் இடமும் மரத்தின் பெயரும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். பொடி கொட்டும் தட்டானால் மூக்கை மூடிக்கொள்வது நல்லது, சிலருக்கு அது ஒவ்வாது. மரத்தின் பெயர் தெரியாவிட்டால் ஓர் இலையையும் ஒரு சிறு பட்டைத் துண்டையும் கூடவே வையுங்கள். பக்கத்தில் வயதானவர் யாராவது இருந்தால் அவரிடம் கேட்டு, அவர் சொல்லும் ஊர்ப்பெயரை அப்படியே எழுதுங்கள்.